ஜூன்ல ரெசிடென்சி (டாக்டர் பயிற்சி) முடியுது, டெக்சாஸ் டாக்டர் லைசென்ஸுக்கு எப்ப அப்ளை பண்ணணும்?

மிச்சிகன் குளிர்:
வணக்கம். மிச்சிகன்ல இன்டர்னல் மெடிசின் மூணாவது வருஷம். எம்பிபிஎஸ் ஊர்ல முடிச்சது. ஆகஸ்ட்ல டெக்சாஸ்ல வேலை, கான்ட்ராக்ட்ல கையெழுத்துப் போட்டாச்சு. அமெரிக்க டாக்டர் லைசென்ஸ் பரீட்சையோட கடைசிக் கட்டம், ஸ்டெப் 3, பாஸ். கையில ரெசிடென்சிக்கு மட்டும் செல்லுற ட்ரெயினிங் லைசென்ஸ்தான். காம்பாக்ட் (பல மாநிலங்கள் சேர்ந்து வேகமா லைசென்ஸ் கொடுக்கிற ஒப்பந்தம்) வழியா போனா சீக்கிரம் கிடைக்கும்ங்கிறாங்க, நிஜமா? இப்ப ஜனவரிதானே, மார்ச்ல ஆரம்பிச்சாப் போதுமா?

நைட் ஷிஃப்ட்:
மார்ச் வேணாம் தம்பி, இந்த வாரமே ஆரம்பிங்க. காம்பாக்ட் உங்களுக்கு இப்போதைக்கு இல்ல. அதுக்கு ஏற்கெனவே ஒரு மாநிலத்துல முழு லைசென்ஸும், போர்டு சர்டிஃபிகேஷனும் (உங்க துறையில ஸ்பெஷலிஸ்ட்னு தர்ற சான்று) வேணும். உங்க போர்டு பரீட்சையே ஆகஸ்ட்லதான் வரும்.

பணம் கட்டுறது, ரேகை கொடுக்கிறதெல்லாம் சுலபம். என்னைக் கவுத்தது என் பேரு. டிகிரியில இனிஷியல் மட்டும், பாஸ்போர்ட்ல அப்பா பேர் சர்நேம், ஸ்டெப் மதிப்பெண் சீட்டுல ரெண்டும் இடம் மாறி இருந்துச்சு. லைசென்ஸ் கொடுக்கிற மாநில மெடிக்கல் போர்டு ஃபைலைத் திருப்பி அனுப்பிடுச்சு. மூணும் ஒரே ஆள்தான்னு அஃபிடவிட் கொடுத்து, காலேஜ்ல மறுபடி முத்திரை வாங்க 11 வாரம். அந்த 11 வாரமும் சம்பளம் கிடையாது.

இன்னொண்ணு, படிப்பு முடிச்சதுக்கும் ரெசிடென்சிக்கும் நடுவுல இருந்த மாசங்களை வெறுமனே விடாதீங்க. வீட்ல உட்கார்ந்து படிச்சேன்னா அப்படியே எழுதுங்க. ரெசிடென்சியில ப்ரொபேஷன் (எச்சரிக்கையோட கண்காணிப்பு), ரெமிடியேஷன் (குறையைச் சரிபண்ண கூடுதல் பயிற்சி) இருந்துச்சான்னு கேட்டா மறைக்காதீங்க. அதே கேள்வி உங்க ப்ரோகிராம் டைரக்டருக்கும் போகும்.

வெள்ளை கோட்டு அக்கா:
மேல சொன்னது அத்தனையும் சரி. டெக்சாஸ்ல ஜூரிஸ்ப்ரூடன்ஸ் பரீட்சை (மாநில மருத்துவச் சட்டம் பத்தினது) ஒண்ணு உண்டு, 75 எடுத்தாப் போதும், ஒரு வாரயிறுதி வேலை. மாநில லைசென்ஸ் வந்தப்புறம்தான் டிஇஏ (கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை எழுதித்தர வேண்டிய மத்திய அரசுப் பதிவு) போட முடியும். 3 வருஷத்துக்கு 888 டாலர், ஆஸ்பத்திரி தருமான்னு கான்ட்ராக்ட்ல பாருங்க. போதைப் பழக்க சிகிச்சையில 8 மணி நேரப் பயிற்சி முடிச்சேன்னும் டிக் அடிக்கணும், ஒரே தடவைதான். அப்புறம் 2 வருஷத்துக்கு 48 மணி நேரம் சிஎம்இ (டாக்டர்களுக்கான தொடர் கல்வி). சான்றிதழை அன்னன்னைக்கே ஒரு ஃபோல்டர்ல போடுங்க. நான் போடாம, ஆடிட் வந்தப்போ பழைய மெயிலையெல்லாம் ராத்திரி பூரா தோண்டினேன்.

மிச்சிகன் குளிர்:
நன்றிக்கா, அண்ணா. மிச்சிகன் ட்ரெயினிங் லைசென்ஸ் காலாவதி ஆனா அதோட கணக்கு முடிஞ்சதா?

நைட் ஷிஃப்ட்:
முடியாது. இனி எந்த மாநிலத்துக்குப் போட்டாலும் அதையும் எழுதணும், மிச்சிகன்ல இருந்து வெரிஃபிகேஷன் போகணும். எனக்கு இப்ப 5 மாநிலம், நாலு காம்பாக்ட்ல வாங்கினது. டெலிமெடிசின் பார்க்கிறேன், நோயாளி எந்த மாநிலத்துல உட்கார்ந்திருக்காரோ அங்க லைசென்ஸ் வேணும். காம்பாக்ட்னா ஒரே லைசென்ஸ்னு நினைச்சிடாதீங்க. அஞ்சுக்கும் தனித்தனி ரினியூவல், தனித்தனி ஃபீஸ்.

மிச்சிகன் குளிர்:
இப்பதான் டிகிரியை எடுத்துப் பார்த்தேன். இனிஷியல் மட்டும்தான் இருக்கு. அஃபிடவிட்டுக்கு நோட்டரி போதுமாண்ணா?