புல் வெட்டும் டிராக்டரில் அரை மணிக்கு மேல் பிளேடு நின்றுவிடுகிறது: கிளட்ச் போயிடுச்சா?

ஒஹையோவாசி:
ஒண்ணேகால் ஏக்கர் புல்லு, 42 அங்குல டெக் (பிளேடு இருக்கிற அடிப்பெட்டி) வெச்ச பழைய டிராக்டர். மஞ்சள் பி.டி.ஓ. பொத்தானை (எஞ்சின் சக்தியைக் கிளட்ச் வழியா பிளேடுக்குக் குடுக்கிறது) தூக்கினா 'டொக்'னு பிடிச்சு பிளேடு சுத்துது. அரை மணி ஓட்டினதும், அதுவும் ஈரப்புல் மண்டிக் கிடக்கிற பள்ளத்துப் பக்கம் போனா, பிளேடு மெதுவா இறங்கி நின்னுடுது. எஞ்சின் பாட்டுக்கு ஓடுது. பொத்தானை அமுக்கித் தூக்கினா சத்தமே வராது. மதியம் சாப்பிட்டுட்டு வந்து போட்டா மறுபடி பிடிக்குது. பெல்ட் புதுசு, ஃபியூஸ் நல்லாருக்கு. கடையில பார்க்காமலே "கிளட்சை மாத்திடு"ங்கறாங்க. விலையைக் கேட்டா டிராக்டர்ல பாதி வருது. வாங்கறதுக்கு முன்னாடி எதையெல்லாம் பார்க்கலாம்?

டெக்சாஸ்_குமார்:
சீட் சுவிட்சா (சீட்ல ஆள் இருக்காங்களான்னு பார்க்கிறது) இருக்கும். எனக்கு அதான் போச்சு.

பழைய வைண்டர்:
சீட் சுவிட்சுன்னா பி.டி.ஓ. போட்டிருக்கறப்போ எஞ்சினையும் சேர்த்து நிறுத்தும். இவருக்கு எஞ்சின் ஓடுதே.

தம்பி, நான் கோயமுத்தூர்ல பம்ப் மோட்டாருக்குக் காயில் கட்டினவன். இந்தக் கிளட்சும் ஒரு காயில்தானுங்க. கரண்ட் பாய்ஞ்சா காந்தமாகி, புல்லியோட சேர்ந்த ஆர்மேச்சர் தட்டை, எஞ்சினோட சுத்தற ரோட்டர் மேல இழுத்து ஒட்ட வைக்கும், அவ்வளவுதான். சூடானா செம்புக் கம்பியோட ரெசிஸ்டன்ஸ் ஏறும், கரண்ட் குறையும், இழுவையும் குறையும். தட்டு தேயத் தேய நடுவுல கேப் அகலமாயிட்டே போகும். ஆறியிருக்கறப்போ எட்டிப் பிடிக்கிற காந்தம், சூட்டுல எட்டாம விட்டுடும்.

அதனால பிளேடு நின்ன உடனே, ஆற விடாம, கனெக்டரைக் கழட்டி காயிலோட ஓம் அளந்து பாருங்க. ஆறினப்புறம் இன்னொரு தரம் அளங்க. ஆறின நிலையில 2லிருந்து 4 ஓமுக்குள்ள வரும். சூட்டுல கால் பங்கு கூடினா சகஜம். மீட்டர் ஒண்ணுமே காட்டலைன்னா உள்ளே கம்பி விட்டுப்போச்சு, அப்போ மாத்தித்தான் ஆகணும். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழட்டிட்டுக் கீழே குனியுங்க.

மின்வேலை:
ஒண்ணு சேர்த்துக்கங்க. வோல்ட்டை கனெக்டரைக் கழட்டி வெச்சுப் பார்த்தா ஏமாந்துடுவீங்க. மீட்டர் கரண்டே இழுக்காது, சுவிட்சுக்குள்ள துரு இருந்தாலும் முழுசா 12 காட்டும். கனெக்டரை மாட்டின நிலையிலேயே பின்பக்கமா மீட்டர் ஊசியைச் செருகிப் பாருங்க. அங்கே 10, 11ன்னு இறங்கினா கிளட்ச் மேல பழி போடாதீங்க. சுவிட்ச், எர்த் ஒயர் ரெண்டையும் பாருங்க.

ஒஹையோவாசி:
பார்த்தேன். நின்னதும் எஞ்சினை அணைச்சு அளந்தா 3.7 ஓம். ராத்திரி ஆறினப்புறம் 2.9. மனைவியைச் சீட்ல உட்கார வெச்சு, எஞ்சின் ஓடாம சாவியை மட்டும் திருப்பி, பொத்தானைத் தூக்கச் சொல்லி, மாட்டின நிலையில பார்த்தா 12.4 வோல்ட்.

பழைய வைண்டர்:
அப்போ காயில் நல்லாத்தான் இருக்கு. கணக்குப் போட்டுப் பாருங்க: ஆறினப்போ 4.3 ஆம்பியர், சூட்டுல 3.4க்கும் கீழே. கேப்பைப் பாருங்க. கிளட்ச் ஓரத்துல மூணு சின்ன சந்து இருக்கும், பக்கத்துலயே ஸ்பிரிங் வெச்ச மூணு நட். ஃபீலர் கேஜ் (சந்து அளக்கிற மெல்லிசு தகடு) விட்டு மூணு இடத்துலயும் அளங்க. உங்க மாடலுக்கு மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதை வைங்க. நான் பார்த்ததெல்லாம் 12 தௌ பக்கம்தான், அதாவது 0.012 அங்குலம். மூணும் ஒரே மாதிரி இருக்கணும். ஒரு பக்கம் மட்டும் இறுக்கிட்டா தட்டு சாய்ஞ்சு உரசி அதுவே சூடாகும்.

ஒஹையோவாசி:
ரெண்டு சந்துல 25 தௌ கேஜ் தகடு தாராளமா நுழைஞ்சுது. மூணாவதுல இன்னும் அதிகம். பழைய புல்தூளும் துருப்பொடியும் அடைச்சிருந்துது, காத்தடிச்சு எடுத்துட்டு மூணையும் 12க்கு வெச்சேன். பள்ளத்துப் பக்கம் உள்பட முழுசும் வெட்டி முடிச்சாச்சு, நிக்கலை. பொத்தானை அமுக்கினா பிளேடும் முன்னைவிடச் சீக்கிரமா நிக்குது. ஆனா பி.டி.ஓ. போடாத நேரத்துல கிளட்ச் பக்கம் லேசா கரகரன்னு ஒரு சத்தம். அது என்ன?

பழைய வைண்டர்:
நட்டு மூணும்தான் பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்குது, அதான் சீக்கிரமா நிக்குது.

கரகரன்னா பேரிங். போடாதப்போ புல்லி நின்னிருக்கும், உள்ளே ஷாஃப்ட் மட்டும் சுத்தும், அதனால அந்த நேரத்துலதான் கேக்கும். எஞ்சினை நிறுத்தி, பெல்ட்டைக் கழட்டி, கிளட்சை ஷாஃப்ட்லேர்ந்து இறக்கி, புல்லியைப் பிடிச்சுக்கிட்டு நடுவுல ஷாஃப்ட் நுழையற பகுதியைக் கையால சுத்திப் பாருங்க. சொரசொரன்னு இருந்தா இந்த சீசன் முடிஞ்சதும் பேரிங்கை மட்டும் மாத்துங்க. நம்பர் அதோட ஓரத்துலயே அடிச்சிருக்கும், பேரிங் கடையிலேயே கிடைக்கும். இறுகிப்போற வரைக்கும் விட்டுடாதீங்க, அந்தச் சூட்டுல காயில் வெந்துடும்.