அம்மாவோட மகளிர் குழு நோட்டு 11 இருக்கு, என்ன பண்றது?

மொட்டைமாடி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஊர் புதுக்கோட்டை பக்கம் ஒரு கிராமம், இப்ப நான் கோயம்புத்தூர்ல இருக்கேன். அம்மா போன தை மாசம் தவறிட்டாங்க. 1999ல ஆரம்பிச்ச எங்க ஊர் மகளிர் குழுவுக்கு கடைசி வரைக்கும் அவங்கதான் ஊக்குநர், அதாவது குழுவ முன்னாடி நின்னு நடத்தறவங்க. வீட்டை ஒதுங்க வைக்கும்போது டிரங்கு பெட்டில தீர்மான நோட்டு (கூட்டத்துல பேசி முடிவு பண்ணத எழுதறது), கடன் நோட்டு எல்லாம் சேர்த்து 11 இருந்துச்சு, அண்ணன் பழைய பேப்பர் கடைக்கு போடலாம்னு சொல்றான், நான்தான் விடல.

சும்மா புரட்டலாம்னு உக்காந்தேன், ராத்திரி 2 மணி ஆயிடுச்சு. முதல் நோட்டுல 16 பேர், ஆளுக்கு 20 ரூபா சந்தா, முதல் மாசம் 320 ரூபா. அதுல 300ஐ அன்னைக்கே ஒருத்தருக்கு கடன் குடுத்திருக்காங்க, மகனுக்கு டைபாய்டுன்னு. கையெழுத்து போடற எடத்துல 9 பேரு கைநாட்டு, ஊதா மை. நாலாவது நோட்டுல பாத்தா கைநாட்டு ரெண்டே ரெண்டுதான். மத்தவங்க எல்லாம் பேரு எழுதிருக்காங்க, கோணல் மாணலா, சிலர் கோட்டை தாண்டி அடுத்தவங்க கட்டத்துக்குள்ள போயிட்டாங்க 😊

இன்னொன்னு, "ஊக்குநர் தாமதம், அபராதம் 5 ரூ" அப்படின்னு அம்மா தன் கையாலயே நாலு எடத்துல எழுதி வச்சிருக்காங்க.

அம்மா பேர்ல வீடோ நெலமோ கெடையாது. இதுதான் அவங்க விட்டுட்டு போனது. புத்தகமா போடலாமா, ஸ்கேன் பண்ணி ஃபேஸ்புக்ல போடலாமா, என்ன பண்ணலாம்னு சொல்லுங்க.

---

இஞ்சிடீ:

முதல்ல அண்ணன்கிட்ட இருந்து பெட்டி சாவிய வாங்கி வைங்க. ஸ்கேனர் எல்லாம் வேணாம், ஜன்னல் ஓரமா வெளிச்சத்துல வச்சு போன்லயே ஒவ்வொரு பக்கமா எடுங்க, ஃபிளாஷ் போடாதீங்க. ரப்பர் பேண்ட் போட்டு கட்டிருந்தா அவுத்துடுங்க, அது உருகி ஒட்டிக்கிட்டா பேப்பரோடதான் வரும் (எங்க தாத்தா கடிதத்துல பட்டுட்டேன்). ஸ்டேப்ளர் பின் துருப்பிடிச்சிருந்தா அதையும் எடுத்துடுங்க. பெட்டில வசம்பு போட்டு வைங்க. சென்னை தரமணில ரோஜா முத்தையா நூலகம் இருக்கு, பழைய தமிழ் புத்தகம், பத்திரிகை எல்லாம் பாதுகாக்கறாங்க, கைப்பட எழுதின நோட்டு எடுப்பாங்களான்னு ஒரு வார்த்தை கேட்டு பாருங்க.

---

களத்துமேடு:

நான் 90கள்ல களப்பணியாளரா இருந்தவன். 1989ல தருமபுரில ஐ.நா.வோட வேளாண் வளர்ச்சி நிதி உதவில தமிழ்நாட்ல இந்த குழுவெல்லாம் ஆரம்பிச்சது, அப்புறம் 1997-98ல மகளிர் திட்டம்னு வந்து மத்த மாவட்டத்துக்கும் பரவுச்சு. அப்ப பேங்க்ல "இவங்களுக்கு கடனா, எதை நம்பி" அப்படின்னுதான் கேப்பாங்க. அடமானம் வைக்க ஒண்ணும் கெடையாது. நாங்க காட்டினது இதே தீர்மான நோட்டத்தான். ஆறு மாசம் கூட்டம் ஒழுங்கா நடந்திருக்கா, சந்தா வந்திருக்கா, குழுவுக்குள்ள குடுத்த கடன் திரும்பிருக்கா, இத பாத்துத்தான் தரம் போடுவாங்க. உங்க அம்மா தனக்கே அபராதம் எழுதினாங்களே, அது ஒரு நோட்டுக்கு எவ்வளவு மதிப்பு தெரியுமா, ஊக்குநருக்கே சலுகை இல்லன்னா வேற யாரு வாய தொறப்பா.

ஆனா ஒரு விஷயம். ஃபேஸ்புக்ல போடவே போடாதீங்க. கடன் நோட்டுல "காரணம்"னு ஒரு கட்டம் இருக்கும். ஆடு வாங்க, காலேஜ் ஃபீஸ், நகை திருப்பனு இருக்கும். அதுல பாதி நெசம், பாதி ஊருக்காக எழுதினது. "மருத்துவ செலவு"னு போட்டு, புருஷன் வாங்கின கந்து வட்டிய அடைச்ச பொம்பளைங்க எத்தன பேர். அது குழுவுக்குள்ள 16 பேருக்கும் தெரியும், அவங்க வீட்ல ஒருத்தருக்கும் தெரியாது. இருவது வருஷம் கழிச்சு மருமக போன்ல பாக்கணுமா?

---

பனங்கிழங்கு:

எல்லாரும் ஆஹா ஓஹோன்றீங்க, நானும் குழுல இருந்தவதான். சண்டை இல்லாத குழு உண்டா? எங்க குழு தாலுகா ஆபீஸ் கூட்டத்துக்கு யாரு போறதுன்னு சண்ட போட்டே ஒடஞ்சுச்சு. இப்ப வாரா வாரம் பைனான்ஸ்காரன் வந்து பத்து பேர உக்கார வச்சு வசூல் பண்றான், அதையும் குழுன்னுதான் சொல்றான், ஒருத்தி கட்டலன்னா மத்தவங்க அவ வீட்டு வாசல்ல போயி நிக்கணும். உங்க அம்மா காலத்துல காசு நம்ம காசு, அதான் வித்தியாசம்.

மதுர சின்னப்பிள்ளைய எடுத்துக்கோங்க. 2001ல பிரதமரா இருந்த வாஜ்பாய் அவங்க கால்ல விழுந்தாருன்னு மட்டுந்தான் எல்லாருக்கும் தெரியும். அதுக்கு முன்னாடியே வயக்காட்டு வேலைக்கு பொம்பளைங்கள கூட்டமா சேத்து கூலி பேசி வாங்கி குடுத்தது, களஞ்சியம்னு சேமிப்பு குழு கட்டுனது எல்லாம் யாரு பேசறா? அதனால ஒங்கம்மா பத்தி எழுதினா சண்டையயும் எழுதுங்க. சாமி படம் மாதிரி மாட்டி வச்சுடாதீங்க.

---

இஞ்சிடீ:

@களத்துமேடு நீங்க சொன்னது சரி, நான் யோசிக்கவே இல்ல. மொட்டைமாடி, தீர்மான நோட்ட மட்டும் எடுங்க, கடன் நோட்ட விட்டுடுங்க. அப்புறம் உயிரோட இருக்கறவங்க பேச்ச போன்ல ரெக்கார்ட் பண்ணுங்களேன். புதுக்கோட்டைன்னா அறிவொளி (எழுத படிக்க கத்துக்குடுத்த இயக்கம்) காலத்துல, அதான் 91, 92ல, ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தப்ப பொம்பளைங்க சைக்கிள் கத்துக்கிட்ட ஊராச்சே, அந்த கதையும் வருமே.

---

மொட்டைமாடி:

எல்லாருக்கும் நன்றி, லேட்டா எழுதறதுக்கு மன்னிக்கணும். போன ஞாயித்துக்கிழம ஊருக்கு போயிருந்தேன். 16 பேர்ல இப்ப 10 பேர் இருக்காங்க. ரேஷன் கடை பக்கத்துல வேப்பமரத்தடில உக்காந்து முதல் நோட்ட வாசிச்சேன். சைக்கிள் கதையும் வந்துச்சு, அம்மா கத்துக்கிட்டது பார் வச்ச ஜென்ட்ஸ் சைக்கிள்லயாம், என்னை முன்னாடி அந்த பார்ல உக்கார வச்சுக்கிட்டு பேங்க்குக்கு போவாங்களாம், எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்ல.

பனங்கிழங்கு அக்கா, சண்டையும் இருக்கு. 2006ல ஒரு அத்தைய ஆறு மாசம் குழுவ விட்டு தள்ளி வச்சிருக்காங்க, அம்மாதான் தீர்மானம் எழுதிருக்காங்க. வாசிச்சுட்டு நிமிந்து பாத்தா அந்த அத்த எதிர்லயே உக்காந்திருக்காங்க. "வாசி வாசி, நான் அன்னைக்கு உங்கம்மாவ என்ன திட்டினேன்னு அதுல எழுதலியா?" அப்படின்னு கேட்டாங்க, ஒரே சிரிப்பு.

கடன் நோட்டு பத்தி கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் வயசான ஒரு பெரியம்மா, "அது எங்க நோட்டுமா, உன்னுது இல்ல" அப்படின்னாங்க. உடனே புது நோட்டுல தீர்மானம் போட்டுட்டாங்க, தீர்மான நோட்டு எனக்கு, கடன் நோட்டு அஞ்சும் குழு பெட்டிக்கு. வாங்கிக்கிட்டதுக்கு என்கிட்ட கையெழுத்தும் வாங்கிட்டாங்க.

இஞ்சிடீ, ரப்பர் பேண்ட் அவுத்துட்டேன். ரெண்டு அட்டைல கறையான் அரிச்சிருக்கு, அந்த அட்டைய கழட்டிடலாமா இல்ல அப்படியே விடணுமா? அதுல அம்மா கையெழுத்து இருக்கு.