தலை வலித்தால்தான் பிரஷரா?

அம்மாவுக்கு 62 வயது. அம்மாபேட்டையில் முப்பது வருஷம் தறிக்குழியில் கால் வைத்தவர். போன ஆடியில் அஞ்சறைப் பெட்டியில் சீரகம் தேடும்போது அவருடைய பிரஷர் மாத்திரை அட்டை கையில் சிக்கியது. ஒரு மாதம் முன்பு வாங்கியது. பத்தில் நான்குதான் பிரித்திருந்தார்.

"தலை வலிச்சா போட்டுக்கறேன் கண்ணு. வலிக்காதப்ப எதுக்கு?"

அந்த வாரமே, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் அக்கா பார்த்தபோது 186/108. ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்காரவைத்து, பேச வேண்டாம் என்று சொல்லி மறுபடி பார்த்தார். 182/106. அம்மாவுக்கு நம்பிக்கையே வரவில்லை, தலை துளிகூட வலிக்கவில்லையே! பிரஷர் பெரும்பாலும் வலி காட்டாது, மிக அதிகமாக ஏறினால்தான் சிலருக்குத் தலை வலிக்கும், அதற்குள் சிறுநீரகமும் கண்ணும் கெட ஆரம்பித்திருக்கலாம் என்று அக்கா பொறுமையாகச் சொன்னார். இப்போது காலையில் மாத்திரை போட்டதும் காலண்டரில் கோடு போடுகிறார். போன முறை 134/84. உங்கள் வீட்டு அனுபவத்தையும் சொல்லுங்கள்.

—

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில் வேலை எனக்கு. பொடி வைத்துப் பற்றவைக்கும்போது கண்ணைச் சுருக்கிச் சுருக்கி, சாயங்காலம் நெற்றி தெறிக்கும். பிரஷர்தான் என்று நானே முடிவு கட்டி, தினமும் மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டேன். டாக்டர் அதைக் கேட்டதும் உடனே நிறுத்தச் சொன்னார். அந்த வகை வலி மாத்திரையே பிரஷரை ஏற்றுமாம். கடைசியில் தலைவலி கண்ணாடி போட்டதும் போய்விட்டது. பிரஷர் போகவில்லை. அதற்குத் தனி மாத்திரை, உப்பிலும் கட்டுப்பாடு.

—

நாங்கள் ஏற்காடு. அப்பா காபித் தோட்டத்தில் இருந்தார். ஒருநாள் விடிகாலை, இதுவரை வராத மாதிரி தலை வலிக்கிறது என்றார். பார்வை மங்கல், பேச்சும் குழறியது. பக்கத்து வீட்டில் மிளகுப் பற்றுப் போடச் சொன்னார்கள், போட்டோம். இரண்டு மணி நேரம் போனது. அப்புறம்தான் 108-ஐக் கூப்பிட்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் போனோம். 220/130. பக்கவாதம். இப்படி வலியோடு பார்வையோ பேச்சோ தடுமாறினால் பற்றும் வேண்டாம், கைவைத்தியமும் வேண்டாம், உடனே கிளம்புங்கள். அப்பா இப்போது நடக்கிறார், இடது கையில்தான் இன்னும் டம்ளர் நிற்காது. அன்று டாக்டர் முதலில் கேட்டது, "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?"