டிஎன்ஏ சோதனை, பழைய எலும்பு, பரம்பரைக் கதை: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

தோபாயோ வாசி:

போன தீபாவளிக்கு மகள் ஒரு சின்னப் பெட்டி பரிசாகக் கொடுத்தாள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் குப்பி. கோடு போட்ட இடம் வரைக்கும் எச்சிலைத் துப்பி மூடியை இறுக்கினால், மூடிக்குள் இருக்கும் திரவம் இறங்கிக் கலந்துவிடும். குலுக்கித் தபாலில் அனுப்ப வேண்டியதுதான். அதற்கு முன் அரை மணி நேரம் வாயில் எதுவும் போடக் கூடாதாம். தீபாவளி அன்று முறுக்குத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து அதைக் கடைப்பிடித்துப் பாருங்கள், தெரியும்.

முடிவு வந்தது. 'தென்னிந்தியா, இலங்கை' என்று பெரும்பங்கு. ஆனால் ஓரத்தில் கொஞ்சம் 'வங்காளம்'. நாங்கள் தஞ்சாவூர்ப் பக்கம். அப்பா முகம் கறுத்துவிட்டது. சித்தப்பா மட்டும் அசரவில்லை. இராஜேந்திர சோழன் கங்கை வரை போனானே, படையோடு போனவன் சும்மாவா திரும்பியிருப்பான் என்று ஒரு வரலாறே எழுதிவிட்டார். சில மாதம் கழித்து அதே நிறுவனம் கணக்கைப் புதுப்பித்ததாக மின்னஞ்சல் அனுப்பியது. திறந்து பார்த்தால் வங்காளத்தைக் காணோம்! சித்தப்பாவின் படையெடுப்பும் போச்சு.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். இன்று உயிரோடு இருக்கும் மக்களின் மாதிரிகளை ஊர்வாரியாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, நம் டிஎன்ஏவின் ஒவ்வொரு துண்டும் யாருடையதைப் போல இருக்கிறது என்று பார்க்கிறார்கள். அந்தச் சேகரிப்பில் ஆட்கள் கூடினால் பதிலும் மாறும். மூவாயிரம் வருடத்துக்கு முன் யார் எங்கே இருந்தார்கள் என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. அதற்குப் பழைய எலும்பு வேண்டும்.

இந்த விஷயத்தோடு உங்களில் யாருக்காவது நேரடியாக ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே ஒட்ட வேண்டாம்.

உசிலம்பட்டிக்காரன்:

அண்ணே, எங்கள் ஊரை விட்டுவிட்டு இந்தப் பேச்சு முடியுமா?

மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பன் குழுவினர் எங்கள் வட்டாரத்தில் இரத்த மாதிரி எடுத்தார்கள். உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஜோதிமாணிக்கம் என்ற சின்ன ஊர். அங்கே ஒருவரிடம் எம்130 என்ற குறி அகப்பட்டது. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோமில் இருக்கிற ஓர் எழுத்து மாற்றம் அது. ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் அந்தக் குறி உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாகவே நடந்து ஆஸ்திரேலியா வரை போனவர்களின் தடம் இது என்று அமெரிக்க மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸ் உலகத்துக்கே சொன்னார்.

நான் அப்போது பள்ளிக்கூடம். டீக்கடையில் ஒரே பேச்சு. 'உலகத்தின் முதல் மனுசன் நம்ம ஊர்க்காரன்டா!' சொந்தக்காரர் ஒருவர் அதையே சாதிச் சங்கக் கூட்ட நோட்டீசில் அச்சடித்துவிட்டார். இங்கே சிங்கப்பூர் வந்த பிறகும், தங்கும் விடுதியில் யாராவது ஊர் பேரைக் கேட்டால் 'ஓ, அந்த எழுபதாயிரம் வருசப் பழைய ஊர்க்காரனா?' என்பார்கள். எனக்கும் ஒரு பவுசுதான், பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்தால் வேறு மாதிரி வருகிறது. பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஒருவருக்கு 1,024 முன்னோர் இடம். அதில் ஒய் குரோமோசோம் கொடுத்தவர் ஒரே ஒருவர். மற்ற 1,023 பேர் எங்கிருந்து வந்தார்களோ, அந்தக் குறி வாயே திறக்காது. ஊரில் இதைச் சொன்னேன். 'சிங்கப்பூர் போனதும் பெரிய ஆளாயிட்டான்' என்று பதில் வந்தது.

இரவுப்பணி அக்கா:

நான் தாதி. எலும்பெல்லாம் தெரியாது. இந்தப் பழைய கதை அறுவைச் சிகிச்சை அறைக்குள் வந்து நின்றதை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். பல வருடத்துக்கு முன்பு, வேறு ஊரில்.

சின்ன அறுவைதான். மயக்கம் கொடுத்து, தொண்டைக்குள் குழாய் செருகுவதற்கு வசதியாகத் தசையைத் தளர்த்தும் மருந்தைப் போடுவார்கள். சக்ஸமெத்தோனியம். சில நிமிடங்களில் உடம்பே அதைச் சிதைத்துவிடும், மூச்சு திரும்பிவிடும். அன்று திரும்பவில்லை. அறுவை முடிந்து கட்டுப் போட்டாயிற்று, விரல்கூட அசையவில்லை. மயக்க மருத்துவர் பதறவில்லை. நரம்பைத் தூண்டும் சிறு கருவியை மணிக்கட்டில் வைத்துப் பார்த்தார், கட்டைவிரல் துடிக்கவில்லை. 'யாரும் எதையும் எடுக்காதீங்க, செயற்கை சுவாசம் ஓடட்டும், தூக்க மருந்தும் ஓடட்டும்' என்றார். தூக்கம் கலைந்து உடம்பு மட்டும் அசையாமல் கிடப்பதைவிடக் கொடுமை உண்டா? மணிக்கணக்கில் காத்திருந்தோம். தானாக மூச்சு வந்தது.

அதற்குப் பிறகு அவர் நோயாளியிடம் கேட்ட கேள்விதான் எனக்கு விசித்திரமாகப் பட்டது: 'உங்கள் குடும்பம் ஆந்திராவிலிருந்து வந்த வைசியர்களா?' ஆமாம்.

அந்த மருந்தைச் சிதைக்கும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே வேலை செய்யாது. வைசியர்களிடம் இந்தக் குறை மற்றவர்களைவிட நூறு மடங்கு அதிகம் என்கிறார்கள். ஹைதராபாத் உயிரணு ஆய்வு மையத்தின் தங்கராஜ், லால்ஜி சிங் ஆகியோரும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் சேர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில் காரணம் இருக்கிறது. நூறு தலைமுறைக்கும் முன்னால் ஒரு சிறு கூட்டமாக ஒதுங்கியவர்கள், அதற்குப் பிறகு வெளியே பெண் எடுக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் ஒருவரிடம் இருந்த குறை இன்று இலட்சக்கணக்கானோரிடம் சுற்றுகிறது. 2017இல் தெற்காசியாவின் 263 குழுக்களைப் பார்த்ததில் 81 குழுக்களில் இந்த ஒதுங்கல், மரபு நோய்க்குப் பேர் போன பின்லாந்துக்காரர்களைவிடவும் அஷ்கனாசி யூதர்களைவிடவும் கடுமையாக இருந்ததாம்.

சாதிவிட்டுச் சாதி கட்டினால் இரத்தம் கெட்டுவிடும் என்று என் மாமியார் சொல்வார். அன்றிலிருந்து நான் அவரோடு அந்தப் பேச்சு பேசுவதில்லை. சிரிப்பு வந்துவிடும்.

ஜூரோங் டீச்சர்:

அக்கா எழுதியதைப் படித்ததும் கோவிட் நினைவுக்கு வந்தது. இணையவழிப் பாடம் நடந்த காலம். உயர்நிலை மூன்று மாணவன் ஒருவன், 'டீச்சர், நியாண்டர்தால் மரபணு இருந்தா கோவிட் மோசமா வருமாமே, நமக்கு இருக்கா?' என்றான். நியாண்டர்தால் என்பது எப்போதோ அழிந்துபோன ஒரு பழைய மனித இனம். நான் வம்புச் செய்தி என்றுதான் நினைத்தேன். தேடிப் பார்த்தால் 2020இல் சீபெர்க், பாபோ என்ற மரபணு ஆய்வாளர்கள் இருவரும் எழுதிய கட்டுரை. மூன்றாம் குரோமோசோமில் ஏறத்தாழ 50,000 எழுத்து நீளத்துக்கு ஒரு துண்டு. குரோஷியாவின் விண்டிஜா குகையில் கிடைத்த நியாண்டர்தாலிடம் இருந்த அதே துண்டு. தெற்காசியாவில் ஏறத்தாழப் பாதிப்பேர் அதைச் சுமக்கிறோம். கிழக்காசியாவில் அனேகமாக இல்லை. ஆக வகுப்பில் அவனுக்கு இருக்க வாய்ப்பு உண்டு, அவனுடைய சீன நண்பனுக்கு அரிது. வயது, சர்க்கரை மாதிரி அதுவும் ஓர் ஆபத்துக் காரணம். அது இருந்துவிட்டால் நோய் முற்றிவிடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது, பையன் பயந்துவிட்டான்.

பாபோவுக்கு 2022இல் நோபல் கொடுத்தபோது அதே பையன் எனக்குச் செய்தி அனுப்பினான், 'டீச்சர், நம்ம ஆளு!' என்று.

ஈசூன் மருமகன்:

என் மனைவி மலாய்க்காரர். மாமியார் குடும்பம் மலேசியாவின் கெடாவிலிருந்து வந்தது. கல்யாணத்தின்போது இரண்டு பக்கமும் முணுமுணுப்பு, இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதைதான், விடுங்கள். பையன் பிறந்த பிறகு யார் ஜாடை என்று ஒரு பெரிய வழக்கு நடக்கும். மூக்கு எங்கள் பக்கம், கண் அவர்கள் பக்கம்.

நூலகத்தில் ஓர் உரைக்குப் போயிருந்தேன். பேசியவர் கம்போடியாவின் அங்கோர் போரெய் பற்றிச் சொன்னார். மேகாங் கழிமுகத்தில் இருந்த பழைய நகரம். அங்கே வாட் கொம்னூ இடுகாட்டில் ஒரு குழந்தையின் எலும்பு. காலம் கிபி ஒன்று முதல் மூன்றாம் நூற்றாண்டுக்குள். அதன் டிஎன்ஏவில் 40 முதல் 50 சதவீதம் தெற்காசியாவிலிருந்து வந்தது! மீதி உள்ளூர். 2022இல் வெளியான ஆய்வு. கல்வெட்டு, கோயில், சமஸ்கிருதப் பெயருள்ள அரசர்கள் என்று நாம் படிக்கிற காலத்துக்கெல்லாம் முந்தி, யாரோ கடல் தாண்டிப் போய்க் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். வணிகர்கள் வந்தார்கள், சரக்கை இறக்கினார்கள், காற்று திரும்பியதும் போய்விட்டார்கள் என்றுதான் எனக்குப் பள்ளியில் சொல்லித் தந்தார்கள்.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னேன். மலாய்க்காரர்களைப் பற்றிய 2015 ஆய்வு ஒன்றும் இருக்கிறது, ஆஸ்ட்ரோனீசியர், ஆதி மலாய், கிழக்காசியர், தெற்காசியர் என்று நாலு சரடு சேர்ந்தவர்கள் என்றேன். அவர் ஏலக்காயும் பட்டையும் தாளித்துக்கொண்டிருந்தார். 'இதுக்கு ஆராய்ச்சி வேணுமா? என் பாட்டி பேரைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே' என்றார். பாட்டியின் தகப்பனார் நாகப்பட்டினத்துக்காரராம். கல்யாணத்தப்போ ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.

குழாய்முனை:

நான் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவன். வாழும் மனிதர்களின் டிஎன்ஏ பக்கம். பழைய எலும்பு செய்கிற ஆய்வகத்தை வெளிநாட்டுப் பயிற்சியின்போது கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. உள்ளே போகிறவர்கள் தலை முதல் கால் வரை மூடி, இரண்டு அடுக்குக் கையுறை போட்டு, மேசையை பிளீச்சால் துடைத்து, இரவில் புறஊதா விளக்கைப் போட்டுவிட்டுப் போவார்கள். நம் தும்மலில் இருக்கிற டிஎன்ஏ ஐயாயிரம் வருட எலும்பில் மிச்சம் இருப்பதைவிட அதிகம்.

எலும்பில் எந்த இடம் தெரியுமா? காதுக்குப் பின்னால், உட்செவியைச் சுற்றி ஒரு கெட்டியான எலும்பு. உடம்பிலேயே அடர்த்தியானது அதுதான். அதைத் துளைத்து ஒரு சிட்டிகைத் தூள் எடுப்பார்கள். கிடைக்கும் துண்டுகளின் நுனியில் 'சி' எழுத்து சிதைந்து 'டி' போலப் படிக்கும். அந்தச் சிதைவு சரியான அளவில் இருந்தால்தான் நம்புவார்கள். பழுதில்லாமல் பளபளவென்று வந்தால் அது துளைத்தவருடைய டிஎன்ஏவாக இருக்கும்.

வெயிலும் ஈரமும் இதற்கு எமன். ஹரியானாவில் இருக்கும் சிந்துவெளி நகரமான ராகிகடியில் அறுபதுக்கும் மேற்பட்ட மாதிரிகளை எடுத்து முயன்றும், படிக்க முடிந்தது ஏறத்தாழ 4,500 வருடத்துக்கு முந்தைய ஒரே ஒரு பெண்ணுடையது. 2019இல் வந்தது. அவரிடம் ஈரானியப் பக்கத்தோடு உறவுள்ள மிகப் பழைய கிளையும், தெற்காசிய வேட்டைச் சமூகத்தின் கிளையும் இருந்தன. மத்திய ஆசியப் பக்கத்து ஸ்டெப்பிப் புல்வெளிக்காரர்களின் கலப்பு இல்லை. அது அதற்குப் பிறகு வந்தது. அந்தக் கட்டுரை வெளியான வாரம் எங்கள் சமூக மன்றக் குழுவில் இரண்டு தரப்பும் அதே கட்டுரையை வைத்தே வெற்றி விழா கொண்டாடின. ஒரு தரப்புக்கு 'சிந்துவெளி தமிழருடையது, நிரூபணம்'. இன்னொரு தரப்புக்கு 'ஆரியப் படையெடுப்பே இல்லை, நிரூபணம்'. ராகிகடிப் பெண் என்ன மொழி பேசினார் என்று அவருடைய டிஎன்ஏ சொல்லாது. நான் தமிழ் பேசுவதும், என் மகன் வீட்டில் ஆங்கிலமே பேசுவதும் எங்கள் எச்சிலில் தெரியுமா என்ன?

'சுத்தம்' தேடுகிறவர்களுக்கு: 2013இல் வந்த கணக்குப்படி, ஏறத்தாழ 4,200 வருடம் முதல் 1,900 வருடம் முன்பு வரை இந்தியா முழுக்கக் கலப்பு நடந்தது, மலைவாழ் மக்கள் உட்பட. அதற்குப் பிறகுதான் கதவு சாத்தப்பட்டது. அக்கா சொன்ன வைசியர்கள் இன்னும் முன்கூட்டியே சாத்திக்கொண்டவர்கள்.

நம் பக்கத்து வீட்டையும் சொல்லிவிடுகிறேன். கிளந்தான் மாநிலத்துக் குவா சா குகையில் ஏறத்தாழ 4,000 வருட எலும்பு ஒன்றைப் படித்து 2018இல் வெளியிட்டார்கள். இன்றைய மலேசியச் செமாங் மக்களுக்கும் அந்தமானின் ஓங்கே மக்களுக்கும் நெருக்கம். நமக்குள் இருக்கும் அந்தப் பழைய வேட்டைக் கிளைக்கும் இவர்களுக்கும் பல பத்தாயிரம் வருடத்துக்கு முன் ஒரே வேர். நிலப்பரப்பில் இத்தனை பக்கத்தில் இருக்கும் கதை, இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

தோபாயோ வாசி:

தம்பி, அப்படியானால் கீழடி? அப்பா கேட்கச் சொன்னார்.

குழாய்முனை:

ஐயா, பக்கத்திலுள்ள கொந்தகை தாழிகளில் கிடைத்த இரண்டு மண்டை ஓடுகளை வைத்து 2025இல் முகம் அமைத்துக் காட்டினார்கள். அது எலும்பின் அளவை வைத்துத் தசையை ஏற்றிச் செய்வது. தோல் நிறம் எல்லாம் இன்றைய மக்களைப் பார்த்துப் போட்டது. டிஎன்ஏ வேறு வேலை. ஈர மண், வைகைக் கரை வெயில், எல்லாம் எதிரி. துளைத்தால் எலும்பின் அந்தப் பகுதி போய்விடும், திரும்ப வராது. அதனால் ஒவ்வொரு எலும்பையும் யோசித்துத்தான் தொட வேண்டும். அப்பாவிடம் அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். அதுவரை சித்தப்பா கையில் கொடுத்துவிடாதீர்கள்.