அண்ணனுக்கு ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்). நான் மூளை ஸ்கேன் எடுக்கலாமா?

கேள்வி:
அண்ணனுக்கு 21 வயதில் காதில் குரல் கேட்க ஆரம்பித்தது. எனக்கு இப்போது 20. நேற்று தூக்கம் வரும் நேரத்தில் யாரோ என் பெயரைக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. விடியும்வரை உட்கார்ந்தே இருந்தேன். எம்ஆர்ஐ எடுத்தால் எனக்கும் வருமா என்று தெரியுமா? அம்மாவிடம் கேட்க மனசு வரவில்லை.

பதில் 1:
தெரியாது தம்பி. 2016-இல் எனிக்மா என்ற பன்னாட்டு ஆய்வாளர் கூட்டமைப்பு இந்த நோயுள்ள 2,000-க்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேனை நோயில்லாதவர்களின் ஸ்கேனோடு ஒப்பிட்டது. நோயாளிகளுக்கு ஹிப்போகாம்பஸ் (மூளையில் நினைவாற்றலுக்கு உதவும் பகுதி) சராசரியாகக் கொஞ்சம் சிறியதாக இருந்தது. ஆனால் அது கூட்டத்தின் சராசரி. நோயே இல்லாத பலருக்கும் அதே அளவு இருக்கும். உன் ஒரு படத்தை வைத்து யாரும் ஜோசியம் சொல்ல முடியாது. தூக்கத்தின் விளிம்பில் பெயர் கேட்பது நிறையப் பேருக்கு நடப்பதுதான், எனக்கும்கூட.

பதில் 2:
என் தங்கைக்கும் இதே நோய், அதனால் இதையெல்லாம் தேடித் தேடிப் படித்தேன். 2022-இல் மரபணுத் தொகுப்பில் இந்த நோயோடு தொடர்புள்ள 287 இடங்களைக் கண்டார்கள். பெரும்பாலானவற்றின் பங்கு தனித்தனியாக மிகச் சிறியது. ஒரே மரபணு கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு வந்தும் மற்றவருக்கு வராமல் போவது உண்டு. ஆனால் கஞ்சா விஷயத்தில் கவனம். 2019-இல் வந்த ஐரோப்பிய ஆய்வில், வீரியமான கஞ்சாவைத் தினமும் புகைத்தவர்களுக்கு சைக்கோசிஸ் (இல்லாத குரல் கேட்பது போல நிஜத்தோடு தொடர்பு அறுந்த நிலை) வரும் ஆபத்து, கஞ்சாவே தொடாதவர்களைவிட ஏறக்குறைய 5 மடங்கு.

கேட்டவர்:
ஹாஸ்டலில் இரண்டு தடவை இழுத்திருக்கிறேன். அண்ணனும் இழுத்தான்.

பதில் 2:
சரி, இன்றோடு நிறுத்து. பகலில், முழு விழிப்பில் குரல் கேட்டால் அன்றைக்கே மனநல மருத்துவரைப் பார். அப்புறம், அம்மாவிடம் பேசு. அவர்களும் இதையேதான் நினைத்துத் தூங்காமல் இருப்பார்கள்.