புளூபெல் வாடிய பிறகு துப்பு பயன்படவில்லை. டப்பாவை எடுத்துவிடலாமா?

ஓடைக்கரை (வடக்கு வர்ஜீனியா):

வணக்கம். லெட்டர்பாக்ஸிங் போகிறவர்கள் இங்கே ஓரிருவராவது இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். கேள்விப்படாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கையால் செதுக்கிய ரப்பர் முத்திரையையும் ஒரு சின்ன நோட்டையும் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டுக் காட்டுப்பாதையோரம் ஒளித்துவைப்பார்கள். துப்பு இணையத்தில் இருக்கும். கண்டுபிடிப்பவர் அந்த முத்திரையைத் தன் நோட்டில் பதித்துக்கொள்வார், தன் முத்திரையை அங்கிருக்கும் நோட்டில் பதிப்பார், டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்துவிடுவார். பரிசு என்று எதுவும் கிடையாது. நோட்டில் விழுகிற அந்தப் பதிவுதான் புதையல்.

எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஓர் ஓடை இருக்கிறது. அதை ஒட்டி நடைபாதை. மார்ச் மாதம் முறையாக அனுமதி கேட்டு வாங்கி, நானும் ஒன்பது வயது மகளும் அங்கே எங்கள் முதல் டப்பாவை வைத்தோம். ஏப்ரலில் அந்தக் கரை முழுக்க வர்ஜீனியா புளூபெல் பூக்கும். மொட்டு இளஞ்சிவப்பாக இருக்கும், விரிய விரிய நீலமாகிவிடும். ஒரே கொத்தில் இரண்டு நிறமும் சேர்ந்து தொங்குவதை எல்லோரும் நின்று பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் துப்பையே பூவை வைத்து எழுதினேன்:

"மரப்பாலம் தாண்டி நட. நீலப் பூ முடிந்து மஞ்சள் பூக் கம்பளம் தொடங்கும் இடத்தில் நில். குடை பிடித்து நிற்கும் மேஆப்பிள் கூட்டத்தைப் பார்த்து இருபது தப்படி. விழுந்து கிடக்கும் மரத்தின் அடியில் தேடு."

(மேஆப்பிள் என்பது குடைபோல இலை விரிக்கும் ஒரு காட்டுச்செடி.) ஏப்ரலில் ஏழு பேர் கண்டுபிடித்தார்கள். மாதக் கடைசியில் நோட்டைப் பார்க்கப் போனபோது மனசு உடைந்துவிட்டது. பாதையிலிருந்து அந்த மரம் வரைக்கும் ஓர் அடி அகலத்தில் புதிதாக ஒரு தடம். இருபது தப்படியும் மிதிபட்ட புளூபெல். தண்டுக்குள் நீர் நிறைந்திருக்கும் செடி அது, மிதித்தால் நசுங்கிவிடுகிறது. மகள் உட்கார்ந்து ஒன்றை நிமிர்த்தி வைத்தாள். கையை எடுத்ததும் சாய்ந்துவிட்டது. வந்தவர்கள் மேல் எனக்கு வருத்தமே இல்லை. நான் எழுதிய வழியில்தான் அவர்கள் நடந்திருக்கிறார்கள்.

ஜூலை கடைசியில் ஒரு குடும்பம் ஒன்றரை மணி நேரம் தேடிவிட்டுச் செய்தி அனுப்பியது: "நீலப் பூவும் இல்லை, மஞ்சளும் இல்லை, குடையும் இல்லை." போய்ப் பார்த்தேன். இலைகூட மிச்சமில்லை, வெறும் நிழலும் சருகும்தான்.

டப்பாவை எடுத்துவிடுவதா, வேறு துப்பு எழுதுவதா? பூவை விட்டுவிட்டு எழுதவும் மனம் வரவில்லை. இன்னொரு சந்தேகமும் உண்டு. மகள் முத்திரையில் "பூ" என்று தமிழில் செதுக்க ஆசைப்பட்டாள். பதித்துப் பார்த்தால் எழுத்து இடவலமாகத் திரும்பி வருகிறது. இதற்கு என்ன வழி?

மரப்பட்டை (மேரிலாந்து):

தோழி, எடுக்க வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். ஒவ்வொரு வசந்தத்திலும் இங்கே களைச்செடி பிடுங்கும் தன்னார்வலர்களோடு போகிறேன், அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

உங்கள் பூக்கள் காணாமல் போனது அவற்றின் இயல்பு. மேலே மரங்கள் இலை விடுவதற்குள், தரையில் வெயில் விழுகிற அந்தச் சில வாரங்களிலேயே முளைத்து, பூத்து, விதைத்து, வருஷத்துக்கான உணவைக் கிழங்கிலும் வேரிலும் சேர்த்துக்கொண்டு மண்ணுக்குள் போய்விடும். புளூபெல், ஸ்பிரிங் பியூட்டி, ட்ரௌட் லில்லி எல்லாமே இந்தக் கூட்டம்தான். பிளட்ரூட், மேஆப்பிள் இலைகள் கொஞ்சம் கூடுதல் நாள் தாக்குப்பிடிக்கும். அதனால் ஏப்ரலில் மிதிபட்ட இலை அந்த வருஷச் சாப்பாட்டை இழந்த இலை. ட்ரௌட் லில்லி விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. பச்சையில் பழுப்புத் திட்டு விழுந்த ஒற்றை இலை தரையோடு தரையாகக் கிடக்கும். சருகு என்று நினைத்துக் கால் வைத்துவிடுவோம். விதையிலிருந்து வந்த செடி பூக்க நாலைந்து வருஷமாவது ஆகும், அதுவரை வருஷத்துக்கு அந்த ஓர் இலைதான்.

அடுத்து, மஞ்சள் கம்பளம். இதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுதுகிறேன். பளபளக்கிற இதய வடிவ இலை, தரை தெரியாமல் மூடிக்கொண்டு வளரும் செடி என்றால் அது லெஸ்ஸர் செலண்டைனாகத்தான் இருக்கும். ஐரோப்பாவிலிருந்து வந்தது. இந்த மண்ணின் பூ இல்லை. புளூபெல்லுக்கு முன்பே முளைத்து இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு செடியைத் தோண்டினால் வேரில் வேர்க்கடலை அளவுக்குக்கூட இல்லாத குட்டிக் கிழங்குகள் கொத்தாக இருக்கும். ஒன்று செருப்பு மண்ணோடு ஒட்டிக்கொண்டு போனாலும் போன இடத்தில் முளைத்துவிடும். உங்கள் துப்பு ஆட்களை மஞ்சளில் நிறுத்தி, அங்கிருந்து நீலத்துக்குள் நடக்க வைத்திருக்கிறது. மார்ஷ் மேரிகோல்ட் என்று உள்ளூர்ப் பூ ஒன்றும் இதே சாயலில் உண்டு. ஆனால் அது தனித்தனிப் புதராக நிற்கும், அதற்குக் கிழங்கு கிடையாது.

புளூபெல் செழிக்கிற இடம் ஓடை பெருகினால் தண்ணீர் ஏறும் இடம் என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு பெருமழை போதும், டப்பா அடித்துக்கொண்டு போய்விடும். மேட்டில், பாதையை விட்டு இறங்காமல் கை எட்டுகிற தூரத்தில் வையுங்கள். பாதையிலேயே நின்றால் உண்ணிக் கடியும் குறையும்.

ரப்பர்_செதுக்கி:

அக்கா, எழுத்துக்கு வழி சுலபம். மெல்லிய டிரேசிங் தாளில் "பூ" என்று நேராகவே எழுதச் சொல்லுங்கள். மென்மையான பென்சில், கொஞ்சம் அழுத்தி. அந்தப் பக்கத்தை ரப்பர் மேல் கவிழ்த்து, பின்னால் நகத்தால் தேயுங்கள். பென்சில் கோடு தானாகத் திரும்பி ரப்பரில் இறங்கும். அப்படியே செதுக்கினால் பதிக்கும்போது நேராக வரும். "பூ"வின் சுழியில் கத்தியைத் திருப்பாதீர்கள், கத்தியை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு ரப்பரைத் திருப்புங்கள். வளைவு உடையாமல் வரும்.

மை அட்டை வேண்டாம். தண்ணீரில் கரையும் மை உள்ள மார்க்கர் இரண்டு வாங்குங்கள். முத்திரையில் மொட்டு இருக்கும் இடத்தில் இளஞ்சிவப்பு, விரிந்த பூவுக்கு நீலம் பூசிவிட்டு, வாயைத் திறந்து ஒருமுறை ஊதுங்கள். அந்த ஈரத்தில் காய்ந்த மை இளகிவிடும். உடனே பதித்தால் உங்கள் ஓடைக்கரைக் கொத்து இரண்டு நிறத்தோடும் வந்துவிடும்.

மூடுபனி (டெவன், இங்கிலாந்து):

இந்த விளையாட்டு பிறந்த டார்ட்மூர் மேட்டுநிலத்தில் பல வருஷமாக நடக்கிறேன். 1854-இல் சாக்ஃபோர்டைச் சேர்ந்த வழிகாட்டி ஜேம்ஸ் பெரட், கிரான்மியர் பூல் என்ற சதுப்பிடத்தில் ஒரு பாட்டிலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதில் போட்டுவிட்டுப் போவார்கள். பிற்பாடு விலாசம் எழுதிய தபால் அட்டையை வைத்துவிட்டு வருவதும், அடுத்து வருகிறவர் அதை எடுத்துப்போய் அஞ்சலில் சேர்ப்பதும் வழக்கமாகி, லெட்டர்பாக்ஸ் என்ற பெயர் நிலைத்தது.

நான் பின்தொடர்ந்த துப்புகளில் செடிகொடி வந்த ஞாபகமே இல்லை. கோடையில் பெரணி இடுப்பளவு வளர்ந்துவிடும், குளிரில் பழுப்பாக விழுந்து கிடக்கும். அதனால் தூரத்தில் தெரியும் இரண்டு மூன்று பாறைக்குன்றுகளைத் திசைகாட்டியால் பார்த்து இத்தனை டிகிரி என்று எழுதுவார்கள், அங்கிருந்து பாறைக்கு இத்தனை தப்படி. மண்ணைத் தோண்டக்கூடாது, பழங்காலக் கல்வரிசைகளைத் தொடக்கூடாது என்பது இங்கே கண்டிப்பு.

மரப்பட்டை சொன்ன செலண்டைன் இங்கே சொந்த மண்ணின் பூ. குளிர் முடிவதற்குள் வேலியோரம் அது எட்டிப்பார்த்தால் எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். உங்கள் ஓடையில் அது செய்வதை வாசித்தபோது வருத்தமாக இருந்தது.

ஓடைக்கரை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றே போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். பாலத்துக்கு அப்பால் பாதை மேடேறும் இடத்தில், மேல்பாதி பட்டை உரிந்து வெள்ளை வெளேரென்று நிற்கிறது ஒரு சைக்கமோர் மரம். எந்த மாதத்திலும் கண்ணுக்குத் தப்பாது. அங்கிருந்து ஒன்பது தப்படியில் பாதையோரமாகவே ஒரு பாறை, அதன் பின்பக்கம் கை நுழைகிற இடைவெளி.

பூவை வழிகாட்ட விடப்போவதில்லை. நோட்டின் முதல் பக்கத்தில் கட்டம் போட்டு, "இன்று தேதி என்ன, பாதையில் நின்றபடி என்ன பூ பார்த்தீர்கள்?" என்று மகள் எழுதியிருக்கிறாள். ஜூலையில் வருகிறவர் "ஒன்றுமில்லை" என்று எழுதினாலும் அது எங்களுக்கு வேண்டிய பதில்தான். செலண்டைன் பிடுங்குவது பற்றிப் பூங்காவில் கேட்டிருக்கிறேன்.

புதுத் துப்பு இது, திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

"மரப்பாலம் தாண்டி மேடேறு. வெள்ளை மரத்தில் முதுகு சாய்த்து நில். பாதையை விடாமல் ஒன்பது தப்படி, வலப்பக்கப் பாறையின் முதுகில் கை வை. ஏப்ரலில் வந்திருந்தால், திரும்பும்போது பாலத்தில் நின்று கீழே பார். இறங்காதே."