வாடகைக்குக் கேட்கும் பேங்க் அக்கவுண்ட்: பின்னால யாரு?

மஞ்சக்குப்பம்வாசி:
கடலூர்ல காலேஜ் பசங்ககிட்ட, "கரண்ட் அக்கவுண்ட் ஓபன் பண்ணி கிட்டோட குடு, கமிஷன் தர்றோம்"னு கேக்குறாங்க. இன்னொரு பக்கம் தாய்லாந்துல டேட்டா என்ட்ரி வேலைன்னு மெசேஜ் சுத்துது. ரெண்டும் ஒரே கும்பலா? தலைவனைப் பிடிச்சா நிக்காதா?

உப்பளம்:
ஒரே கும்பல்னு இல்ல, ஒரே சங்கிலி. பேசி ஏமாத்துறவன் ஒருத்தன், சிம் தர்றவன் ஒருத்தன், அக்கவுண்ட் பிடிக்கிறவன் ஒருத்தன், பணத்தை யுஎஸ்டிடியா (டாலர் மதிப்புல ஓடுற கிரிப்டோ) மாத்துறவன் இன்னொருத்தன். அடுத்த ஆளோட டெலிகிராம் ஐடிக்கு மேல எதுவும் தெரியாது. ஒரு கண்ணி அறுந்தா வேற கண்ணி மாட்டிக்குவாங்க.

இடமும் அப்படித்தான் மாறுது. 2019 ஆகஸ்டுல கம்போடியா ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தடை போட்டுச்சு, பின்னாடியே கொரோனா. அங்க சிஹானூக்வில்ங்கிற கடலோர ஊர்ல காத்தாடின கேசினோ கட்டடங்கள், ஆளுங்களை அடைச்சு வெச்சு ஆன்லைன்ல ஏமாத்த வைக்கிற மோசடி முகாமாச்சு. 2025 பிப்ரவரியில தாய்லாந்து அரசு, இதே மாதிரி முகாம் இருக்கிற மியான்மர் எல்லை ஊர்களுக்கு கரண்ட், டீசல், இன்டர்நெட்டை நிறுத்துச்சு. உடனே முகாம்ல ஜெனரேட்டர், ஸ்டார்லிங்க் சாட்டிலைட் இன்டர்நெட் டிஷ். அக்டோபர்ல ஸ்டார்லிங்கை நடத்துற ஸ்பேஸ்எக்ஸ் 2,500க்கு மேல கருவிகளை முடக்குச்சு.

வேலை விளம்பரம் இந்த முகாம்களுக்கு ஆள் பிடிக்கத்தான். பாங்காக்ல இறக்கி, காருல சுமார் 500 கி.மீ. தள்ளி எல்லை ஊரான மே சோட், அங்க மோய் ஆத்தைத் தாண்டினா மியான்மரோட மியாவடி. 2025 மார்ச்சுல விமானப்படை ரெண்டு நடையில 549 இந்தியர்களை அங்கிருந்து கூட்டிட்டு வந்துச்சு. ஏஜென்ட் பேரை இ-மைக்ரேட்ங்கிற மத்திய அரசு தளத்துல தேடுங்க. பதிவு பண்ணின ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். டூரிஸ்ட் விசால வேலைன்னா பேச்சையே நிறுத்திடுங்க.

திருப்பாதிரிப்புலியூர்:
கரண்ட் அக்கவுண்ட் ஏன்னா, பெரிய தொகை வந்து போனாலும் சட்டுனு சந்தேகம் வராது. கிட்னா செக் புக், ஏடிஎம் கார்டு, ஓடிபி வர்ற சிம். பணம் விழுந்த சில நிமிஷத்துல பல அக்கவுண்டா பிரிஞ்சுடும். சங்கிலியில நிஜப்பேர், ஆதார், போட்டோவோட மாட்டுறது அக்கவுண்ட் குடுத்த பையன் மட்டும்தான். எஃப்ஐஆர் பல நேரம், ஏமாந்தவர் இருக்கிற வேற மாநிலத்துல போடுவாங்க. பிஎன்எஸ் 111 (திட்டமிட்ட குற்றக் கும்பலுக்கான சட்டப் பிரிவு) சேர்ந்து குற்றம் நிரூபணமானா, பொதுவா குறைஞ்சது 5 வருஷம் ஜெயில்.

மஞ்சக்குப்பம்வாசி:
ஒரு பையன் ரெண்டு நாள் முன்னாடியே கிட்டைக் குடுத்துட்டானாம்.

திருப்பாதிரிப்புலியூர்:
இன்னிக்கே கார்டு, நெட் பேங்கிங், சிம் மூணையும் பிளாக் பண்ணச் சொல்லுங்க. பிராஞ்ச்ல எழுதிக் குடுத்து, தேதியோட சீல் வெச்ச நகல் வாங்கணும். அப்புறம் 1930 (சைபர் மோசடி புகார் நம்பர்), சைபர் கிரைம் ஸ்டேஷன். முள்ளோடைக்கு அந்தப் பக்கம் புதுச்சேரியிலயும் அதே நம்பர்தான். பணம் ஏற்கெனவே விழுந்திருந்தா எடுக்கக் கூடாது, "தப்பா வந்துடுச்சு, திருப்பிப் போடு"ன்னு யார் கேட்டாலும் போடக் கூடாது. பயத்துல டெலிகிராம் சாட்டை அழிச்சிடப் போறான். ஸ்க்ரீன்ஷாட் மட்டும் போதாது, அந்த போனையே எடுத்துட்டுப் போகணும்.